எட்டு ஐம்பத்தைந்து

கடிதம் வந்துவிட்டிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். முந்தைய இரவு பத்து நாற்பத்திரண்டுக்கே கிரீஸ் நாட்டிலிருந்து கிளம்பி, ராயபுரத்தில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் கிடக்கும் பழைய இரும்புப் பெட்டிக்குள் வந்து சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரியது, எல்லாம் திரையில் தெரிந்தது. எடுக்கத்தான் முடியவில்லை.

அந்த இரும்புப் பெட்டிதான் ஆபீஸின் மெயில் சர்வர். அதைக் கட்டி மேய்க்கிறவள் எழில்மொழி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பெண், வயது இருபத்தேழு. ஆபீஸ் என்பது வெளிநாட்டுக் கப்பல்களுக்கு இங்கிருந்து ஆள் எடுத்து அனுப்பும் கம்பெனி. கடிதம் யாருக்கு என்றால், வேறு யாருக்கு, அவளுடைய தம்பி பகலவனுக்குத்தான்.

பகலவன் அந்த நேரம் மீனம்பாக்கத்தில், விமானக் கம்பெனியின் கவுண்டருக்கு முன்னால், புதுப் பையைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு நின்றிருந்தான். கொழும்பில் ஒரு கப்பல் நிற்கிறது. மறுநாள் காலையில் கிளம்பிவிடும். அதன் இன்ஜின் ரூமில் அவனுக்கு வேலை. பாஸ்போர்ட் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. 'இந்த ஆள் எங்கள் கப்பலில் ஏறப்போகிறார், அவருக்கு நாங்கள் பொறுப்பு' என்று கப்பல்காரர்கள் எழுதித் தரும் கடிதம் மட்டும் இல்லை. திரும்பி வரும் டிக்கெட் கையில் இல்லாதவனை அந்தக் கடிதம் இல்லாமல் எந்தக் கவுண்டரிலும் ஏற்ற மாட்டார்கள். கவுண்டர் பதினொன்றேகாலுக்கு மூடும்.

எழில்மொழி சர்வருக்கு முன்னால் உட்கார்ந்தபோது மணி ஒன்பது முப்பத்திரண்டு.

இந்த ஒரு கப்பலுக்காக அந்த வீடு இரண்டு வருடம் காத்துக்கிடந்தது. கோர்ஸ் முடித்த கையோடு கப்பல் கிடைக்கும் என்றார்கள். கிடைக்கவில்லை. பகலவன் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு குடோனில் மூட்டை தூக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு, ராத்திரி வந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு கிடந்தான். அவனோடு படித்த நாலு பேர் போய்விட்டார்கள். அவர்களுக்கு மாமா சித்தப்பா என்று கப்பலில் யாராவது இருந்தார்கள். இவர்கள் பிளாக்கிலிருந்து கப்பல் ஏறப்போகிற முதல் ஆள் இவன்தான். அன்று விடிகாலையில் அம்மா ராஜாத்தி புத்தர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பிளாக்கே எழுந்து வந்து வழியனுப்புகிற அளவுக்கு அழுது தீர்த்தாள். எழில்மொழி ஏர்போர்ட் வரைக்கும் கூடப் போய், அவனை விட்டுவிட்டு மெட்ரோ பிடித்து வந்தாள். அதில் இருபத்தைந்து நிமிடம் லேட்.

லேட் என்றால் அந்த ஆபீஸில் சும்மா இல்லை. ஒன்பது பத்துக்கு மேல் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தால் அரை நாள் லீவு போய்விடும். மாதத்தில் மூன்று தடவை என்றால் மெமோ. மேனேஜர் ஜெஸ்வின் போட்ட சட்டம். அவர் பத்து மணிக்குக் காரில் வருவார், அது வேறு கதை. எண்ணூர் பக்கமிருந்தும் திருவொற்றியூர் பக்கமிருந்தும் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் ஷேர் ஆட்டோ நகராது, பஸ் நகராது. இதற்கு ஆபீஸே கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம்தான் குணசேகரன்.

குணசேகரன் ரிசப்ஷனில் உட்காரும் ஆள். காசிமேட்டுக்காரர், ஐம்பது தாண்டியவர். கதவு திறப்பது, டீ சொல்வது, கூரியர் வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. லாரி அடைத்துக்கொண்ட நாட்களில், விரல் வைக்கும் மெஷினில் நாலு பட்டனை அமுக்கி நேரத்தைப் பின்னால் தள்ளுவதும் அவர் பொறுப்பு. எட்டு ஐம்பத்தைந்து ஆக்குவார், லேட்டாக வந்தவர் விரல் வைப்பார், மறுபடி சரியான நேரத்துக்கு மாற்றிவிடுவார். வருடக்கணக்காக நடக்கிறது. மாடி முழுக்கத் தெரியும், ஜெஸ்வினுக்கு மட்டும் தெரியாது.

அன்று எழில்மொழி காதில் போனோடு படியேறி வந்து, தம்பியிடம் பேசிக்கொண்டே விரலை வைத்தாள். எத்தனை மணி காட்டியது என்றுகூடப் பார்க்கவில்லை. "நீ போ பாப்பா, நா பாத்துக்கறேன்" என்றார் குணசேகரன். அவளும் போய்விட்டாள்.

கடிதம் வந்தது நவ்ரீனுடைய மெயில் பெட்டிக்கு. ஆட்களின் பேப்பர்களைப் பார்ப்பது அவள்தான். அவளுக்குப் போன் போட்டால், "காசிமேட்டுல மாட்டிக்கினேன்பா, ஒரு வண்டியும் நவுரல. ராத்திரி நா மெயிலே பாக்கல, இப்ப பாத்தா போன்லயும் வரமாட்டேங்குது, பாஸ்வேர்டு சொல்றேன், நீயே எடுத்துக்கோ" என்றாள்.

எழில்மொழி பாஸ்வேர்டைப் போட்டாள். 'இணைக்க முடியவில்லை' என்று வந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அதேதான்.

மெயில் சர்வரில் இரண்டு வேலைக்காரர்கள் உண்டு. ஒருவன் வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்கி உள்ளே வைக்கிறவன். இன்னொருவன் உள்ளே இருப்பதை எடுத்து நம் கையில் கொடுக்கிறவன். வாங்கி வைக்கிறவன் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தான். எடுத்துக் கொடுக்கிற சேவைதான் நின்றுபோயிருந்தது. ரேஷன் கடையில் லாரி வந்து அரிசி இறங்கிவிட்டது, ஷட்டரைத் திறக்க ஆள் இல்லை என்கிற மாதிரி. நேராக உள்ளே கைவிட்டு எடுத்துவிடலாமே என்றால், அதுவும் முடியாது. பாஸ்போர்ட், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் வருகிற பெட்டிகள் என்று கப்பல் கம்பெனிகள் கேட்டுக்கொண்டதால் எல்லாமே பூட்டிச் சேமிக்கப்பட்டவை. அந்தப் பூட்டுக்குச் சாவி இந்தச் சேவையிடம் மட்டும்தான்.

சரி, நின்றதைக் கிளப்பிவிட்டால் போயிற்று என்று கட்டளையைக் கொடுத்தாள். கிளம்பிவிட்டது. அப்பாடா! பச்சை விளக்கு. நவ்ரீனின் பெட்டி திறந்து, பதினோராயிரம் மெயில்களும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக வரிசையில் விழத் தொடங்கின. போன வருடம், போன மாதம், போன வாரம்... அடுத்தது நேற்றுதான். எழில்மொழி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை சிவப்பாகிவிட்டது. வரிசை அப்படியே நின்றது.

"அய்யோ, இன்னா எழவு இது!" என்று வாய்விட்டுக் கத்தினாள். வெளியே ரிசப்ஷனில் ஜெயஸ்ரீயின் குரல் கேட்டது. அக்கவுண்ட்ஸ் பெண், எண்ணூர்க்காரி. லாரிக்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். எழில்மொழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சர்வர் தான் செய்வதையெல்லாம் நிமிடவாரியாக எழுதி வைக்கும். அதை நேர வரிசையில் அடுக்கிக் காட்டும் ஒரு பக்கம் உண்டு. ஒன்பது முப்பதிலிருந்து பார்த்தாள். 'சேவை தொடங்கியது' என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஏன் செத்தது, யார் கொன்றது, ஒரு வரி இல்லை. நோய் தெரிந்தால் மருந்து கொடுக்கலாம். வாயைத் திறக்காமல் செத்துப்போகிறவனை என்ன செய்வது?

டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. மெமரி போதுமா, போதும். வேறு ஏதாவது குறுக்கே வருகிறதா, வரவில்லை. பத்து மணிக்கு மறுபடி கிளப்பினாள். நாலு நிமிடம் ஓடியது. மறுபடி செத்தது.

போன் அடித்தது. அம்மா. "ஏறிட்டானாடி?"

"இன்னும் டைம் கீதும்மா."

"குரலு ஏன் ஒரு மாரியா கீது?"

"வேலையா கீறேன்மா, வெய்யி."

வைத்த கையோடு தம்பி. "அக்கா, லெட்டர் வந்துச்சா? என் பின்னாடி நின்னவங்கல்லாம் உள்ள பூட்டாங்க."

"வந்துடுச்சுடா. எடுத்துகினே கீறேன். நீ கவுண்டர வுட்டு நவுராத."

"நா எங்கக்கா போவப்போறேன்" என்றான். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாக ஒரு நாள்கூட முகம் சுளிக்காத பையன்.

பத்தே காலுக்கு ஜெஸ்வின் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "கிரீஸ் ஆபீஸுக்குப் போன் பண்ணி இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க சார்" என்று கெஞ்சினாள். "அங்க இப்ப காலையில ஏழே முக்கால்மா. அதோட, எங்க சர்வர் படுத்துடுச்சுன்னு நாமளே போய்ச் சொன்னா அவன் நாளைக்கே வேற ஏஜென்ட் பாத்துடுவான். நீ சர்வரைப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். அவர் போனதும் தம்பியின் டிக்கெட்டில் இருந்த கிரீஸ் ஆபீஸ் எண்ணுக்கு அவளே போன் போட்டாள். 'அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும்' என்று ஒரு பதிவுக்குரல் சொன்னது. அவர்களுடைய ஒன்பது நமக்குப் பதினொன்றரை. கவுண்டர் மூடுவது பதினொன்றேகால். பதினைந்தே நிமிடம்! பாழாய்ப் போன பதினைந்து நிமிடம்!

கடைசி ஆயுதமாக சர்வரையே முழுதாக அணைத்துப் போட்டாள். கிழட்டுப் பெட்டி, எழுந்து உட்காரப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவள் அந்தக் குளிரூட்டிய அறையில் வியர்த்து வழிந்துகொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்து முப்பத்தெட்டுக்கு எல்லாம் பச்சை. பெட்டியைத் திறந்தாள். பட்டியல் விழத் தொடங்கியது. வெளியே, "தோ வந்துட்டேன், வந்துட்டேன்" என்று மூச்சு வாங்க நவ்ரீன் படியேறி வரும் சத்தம். நவ்ரீன் அறைக்குள் நுழைந்து "கெடச்சுதா?" என்று கேட்கவும், திரை சிவப்பாகவும் சரியாக இருந்தது.

எழில்மொழி கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"அழுவாத. அழுதா டைம் போவும்" என்றாள் நவ்ரீன், அவளே பாதி அழுதுகொண்டு. "முன்னாடிலேர்ந்து பாரு. நேத்து நைட்டுலேர்ந்து ஒண்ணு ஒண்ணா பாரு."

மணி பத்து ஐம்பது. வேறு வழியில்லாமல் கடிதம் வந்து விழுந்த பத்து நாற்பத்திரண்டிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். ராத்திரி முழுக்க சேவை நன்றாகத்தான் இருந்தது. விடிகாலை, ஏழு மணி, எட்டு மணி, எல்லாம் நன்றாகவே இருந்தது. எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்தாள்.

அங்கே இருந்தது. 'நேரம் திடீரென்று பின்னால் போய்விட்டது. இதனால் பல சிக்கல்கள் வரலாம். ஆகவே என்னை நானே முடித்துக்கொள்கிறேன்.'

அதற்குக் கீழேயும் அதே வரி. அதற்குக் கீழே இன்னொன்று. மொத்தம் நாலு. நாலும் எட்டு ஐம்பத்தைந்து. அவள் முதல் தடவை சேவையைக் கிளப்பியதே ஒன்பதரைக்கு மேல். அப்படியிருக்க எட்டு ஐம்பத்தைந்துக்கு அது எப்படி நாலு தடவை சாகும்?

போன வாரம் பட்டன் வைத்த பழைய மெஷின் பழுதாகி, புது மெஷின் வந்தது. மாட்டியது அவள்தான். அதில் பட்டனும் கிடையாது, சொந்தக் கடிகாரமும் கிடையாது. நேரத்தை இந்த சர்வரிடமிருந்துதான் வாங்கிக்கொள்ளும். கரண்டு போய் வந்தால் கிழட்டு சர்வரின் கடிகாரம் தப்பாகிவிடுகிறதே என்று, ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஒரு கடிகாரப் படம் வைத்து, அதை அமுக்கி நேரத்தைத் திருத்துவது எப்படி என்று குணசேகரனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நாலு நாளாக லாரி அடைக்கவில்லை. இன்று அடைத்துவிட்டது. அவர் எட்டு ஐம்பத்தைந்து ஆக்குகிறார், இந்தச் சேவை பயந்து செத்துப்போகிறது. மறுபடி சரியான நேரத்தை வைக்கிறார். செத்த குறிப்பு மட்டும், அவள் பார்க்காத எட்டு ஐம்பத்தைந்தில் போய் ஒளிந்துகொள்கிறது.

வெளியே யாரோ படியேறும் சத்தம். "வா நைனா, ஒண்ணும் ஆவாது, தோ வெச்சுட்டேன், விரல வையி" என்றது குணசேகரனின் குரல்.

"அண்ணே! தொடாத! நேரத்தத் தொடாத!" என்று எழில்மொழி கத்திக்கொண்டே ஓடினாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. குணசேகரன் சுட்டுவிரலை மவுசில் வைத்தபடி திகைத்துப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, யாரு செத்தா?"

"காலைலேர்ந்து எத்தினி தபா பின்னாடி தள்ளின?"

"இத்தோட அஞ்சு. மொத தபா உனக்கோசரம்தான். தம்பிய வழியனுப்பப் போன புள்ளைக்கு அர நாளு பூடக் கூடாதேன்னு..." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

எழில்மொழிக்கு அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல இருந்தது. தன் கழுத்தையும் சேர்த்துத்தான். கம்ப்யூட்டரைப் பிடுங்காத குறையாகத் திருப்பி, நேரத்தைச் சரியாக்கி, அந்தக் கடிகாரப் படத்தையே அழித்துவிட்டு உள்ளே ஓடினாள். பதினொன்று நாலு.

சேவையைக் கிளப்பினாள். கிளம்பியது. ஆனால் நாலு தடவை பாதி வேலையில் செத்தது சும்மா போகுமா? பெட்டியின் பட்டியல் குலைந்துபோயிருந்தது. பதினோராயிரத்தையும் மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் திறப்பேன் என்று அது உட்கார்ந்துவிட்டது. நவ்ரீன் அல்லாவைக் கூப்பிட்டாள். எழில்மொழிக்கு யாரைக் கூப்பிடுவது என்றுகூடத் தோன்றவில்லை. நாலாயிரம். ஏழாயிரம். பதினொன்று பத்து. பத்தாயிரம்.

பதினொன்று பதினைந்துக்குப் பெட்டி திறந்தது. மேலே, முதல் சில வரிகளுக்குள்ளேயே பகலவனின் பெயர். இறக்கித் தம்பியின் போனுக்கு அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது. நீலமானது.

"வந்துடுச்சுக்கா!" என்று அவன் கத்தியது நவ்ரீனுக்கே கேட்டது. "லைன்லயே இருக்கா."

ஓடுகிற சத்தம், யாரையோ "சாரி சார், சாரி சார்" என்கிற சத்தம். பிறகு ஒரு பெண்குரல், அமைதியாக, என்னவோ சொன்னது. அவன் ஏதோ கெஞ்சினான். அந்தப் பெண்குரல் அதே அமைதியோடு மறுபடி சொன்னது.

"அக்கா."

"சொல்றா."

"மூடிட்டாங்கக்கா. சிஸ்டத்துல மூடிட்டாங்களாம். ரெண்டு நிமிசம் முன்னாடி வந்திருந்தா ஏத்தியிருப்பாங்களாம்."

அவன் அழவில்லை. "நீ ஃபீல் பண்ணாதக்கா. குடோன்ல சேத்துப்பாங்க" என்றான். அதற்கு அவன் அழுதே தொலைத்திருக்கலாம்.

"அங்கயே இரு. வூட்டுக்குப் போவாத. அம்மாவுக்குப் போன் பண்ணாத" என்று சொல்லி வைத்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெஸ்வினுக்கு விஷயம் போயிற்று. அவர் வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். "சரி, ஆனது ஆச்சு. நவ்ரீன், கிரீஸுக்கு மெயில் போட்டுடு. ஆள் ஏர்போர்ட்டுக்கு வரலைன்னு."

நவ்ரீன் எழில்மொழியைப் பார்த்தாள். இது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம். ஏஜென்ட் பக்கம் என்ன கோளாறு நடந்தாலும், ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். கம்பெனியின் பெயர் கெடாது. அந்தப் பையன் பெயருக்கு எதிரே மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி விழும். அடுத்த கப்பலுக்கு அவன் பெயரை எந்த ஏஜென்ட் எடுத்தாலும் அந்தப் புள்ளி முன்னால் வந்து நிற்கும்.

"சார், அவன் ஏழரை மணிலேர்ந்து அங்கதான் சார் நிக்கறான். நானே வுட்டுட்டு வந்தேன்."

"தெரியும்மா. உன் தம்பின்றதால பெர்சனலா எடுத்துக்காத. நாலு மாசம் போகட்டும், நானே வேற கப்பல் பாக்கறேன்."

"புள்ளி விழுந்தா நாலு வருசம் ஆனாலும் கெடைக்காது சார்."

"இந்த கிளையன்ட் போனா இங்க பதினாலு பேருக்கு வேலை போகும். அத யோசிச்சியா?"

குணசேகரன் அவர் பின்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "சார், அது வந்து... நாந்தான் சார்..."

"அண்ணே, கீழ போயி டீ சொல்ட்டு வா" என்றாள் எழில்மொழி. அவர் நகரவில்லை. "போ அண்ணே!" என்று கத்தினாள். அவர் போனார். அவர் மேல் இரக்கப்பட்டு அல்ல, அந்த நேரம் அவளுக்கு இரக்கப்பட நேரமில்லை. அவர் வாயைத் திறந்தால் இன்று விரல் வைத்த அத்தனை பேரும் மாட்டுவார்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், தம்பி விஷயம் ஆறிப்போகும். அதோடு அந்தக் கடிகாரப் படத்தை அங்கே வைத்தது அவள் கை.

பதினொன்று முப்பத்தொன்று. போனை எடுத்து, காலையில் பதிவுக்குரல் பேசிய அதே எண்ணை அழுத்தினாள். ஜெஸ்வின், "யாருக்குப் பண்ற?" என்றார். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்துவிட்டாள்.

எழில்மொழியின் ஆங்கிலம் ஒழுங்காக வராது. பயந்தால் அதுவும் வராது. அன்று வந்தது. என் பெயர் எழில்மொழி, சென்னை ஏஜென்ட் ஆபீஸில் சர்வரைப் பார்க்கிறேன் என்றாள். உங்கள் கடிதம் நேற்றே வந்துவிட்டது, எங்கள் சர்வர் நின்றுபோனதால் எடுக்க முடியவில்லை, நான் செய்து வைத்த ஏற்பாட்டில் பிழை, பையன்மேல் ஒரு தப்பும் இல்லை, அவன் இப்போதும் ஏர்போர்ட்டில்தான் நிற்கிறான், சாயங்காலம் கொழும்புக்கு இன்னொரு விமானம் இருக்கிறது, கப்பல் கிளம்புவதற்குள் அவன் வந்துவிட முடியும் என்று, நடுவில் மூச்சு விடாமல் சொன்னாள்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். "இதை எழுத்தில் தர முடியுமா?" என்று கேட்டாள்.

"இப்போதே" என்றாள் எழில்மொழி. நவ்ரீன் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். எழில்மொழி உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் அப்படியே எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

ஜெஸ்வின் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. "பாஸ்வேர்டு எல்லாத்தையும் நவ்ரீன்கிட்ட எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பிடு. நாளைலேர்ந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழில்மொழி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒவ்வொன்றாக எழுதினாள். மூன்று வருடத்தில் பதினேழு பாஸ்வேர்டு சேர்ந்திருந்தது. எழுதி முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் அந்தப் பச்சை விளக்கு அணையவே இல்லை. நவ்ரீன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு, "எழில்!" என்று அலறினாள். கிரீஸிலிருந்து பதில். மாலை ஆறு இருபது விமானத்துக்குப் புது டிக்கெட், புதுத் தேதி போட்ட கடிதம். மேலே ஒரே ஒரு வரி: 'உண்மையைச் சொன்னதற்கு நன்றி.'

எழில்மொழி அதையும் தம்பிக்கு அனுப்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். குணசேகரன் எழுந்து நின்றார். "பாப்பா, கப்பலு...?"

"போறான் அண்ணே."

அவர் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அவருக்கு மற்றது தெரியாது. அவளும் சொல்லவில்லை, சொன்னால் இங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. லாரிகள் அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தன. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தெருமுனைப் பாலத்தின் அடியில் நின்றாள். பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்குப் போனால் அம்மா என்ன கேட்பாள் என்று நினைத்தபோதே போன் அடித்தது.

"அக்கா! டிக்கெட் வந்துடுச்சுக்கா! எப்டிக்கா?"

"ஆபீஸ்ல பேசினோம்டா. நல்லவங்கடா அவங்க."

"உன் மேனேஜருக்கு தேங்ஸ் சொல்லணும்கா. நம்பர் குடு."

"அவரு மீட்டிங்ல கீறாரு. நா சொல்லிக்கறேன்."

"இன்னாக்கா ஒரே லாரி சத்தமா கீது? வெளிய கீறியா?"

"ஆபீஸ்லதான்டா. ஜன்னல் தொறந்து கீது" என்றாள் எழில்மொழி. ஒரு கையால் போனைப் பிடித்து, மறு கையால் வாயைப் பொத்தி, மூச்சைச் சரிசெய்துகொண்டு, "ஆறு இருவது வரைக்கும் பட்டினியா கெடக்காத, எதுனா துன்னு" என்றாள்.